ஐந்து கோல் அடித்த சாலென்கோவை ரஷ்யா மறுபடி ஏன் கூப்பிடவில்லை?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: 1994 உலகக் கோப்பையில் கேமரூனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5 கோல் அடித்த ரஷ்யாவின் ஓலெக் சாலென்கோ, அதற்கப்புறம் நாட்டுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லையாமே, ஆக அது வெறும் ஒருநாள் கூத்துதானா, அந்தச் சாதனையை இனி யாராவது முறியடிப்பார்களா என்று. இதில் ‘ஒருநாள் கூத்தா’ என்பதுதான் உங்களை உறுத்துகிற கேள்வி என்று படுகிறது. இல்லை என்பது என் பதில். அந்த ஆட்டத்துக்கு முந்தைய ஒன்றரை வருஷத்தில் அவர் ஸ்பெயினில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். நான் முப்பது வருஷத்துக்குப் பக்கமாகப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவன், பெரும்பாலும் ஃபார்வேர்டுகளுக்கு. அந்த ஆட்டத்தின் பதிவை எத்தனை முறை போட்டுக் காட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை.

முதலில் அந்த ஆட்டத்தையே பார்ப்போம். 1994 ஜூன் 28, கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு மைதானம், அங்கே மதிய வெயில். நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. நான் தூங்கிவிட்டேன். அப்புறம் பேப்பரில் ‘ரஷ்யா 6, கேமரூன் 1’ என்றும், சாலென்கோ பெயருக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடக் கணக்குகள் வரிசையாகவும் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். 15, 41, 44, 72, 75. இதில் 44-வது நிமிடத்தில் வந்தது பெனால்டி. மீதி நான்கில் ஒன்றுகூட முப்பது கெஜத்திலிருந்து விளாசியது இல்லை. முதல் கோல், பாக்ஸுக்குள் கூட்டமாக முட்டிமோதிய பந்து அவர் காலடிக்கு வந்தபோது. இரண்டாவது, ரஷ்யா ஃப்ரீ கிக்கைச் சட்டென்று எடுக்க, கேமரூன்காரர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, இவர் மட்டும் ஆளில்லாத இடத்தில் தயாராக நின்றார். நான்காவது, வலப்பக்கத்திலிருந்து தாழ்வாக வந்த பந்தைக் கோலுக்குக் கிட்டத்தில் நின்று திருப்பிவிட்டது. ஐந்தாவதில்தான் கொஞ்சம் அழகு உண்டு: நீளமாக வந்த பந்தை விரட்டிப் பிடித்து, முன்னேறி வந்த கோல்கீப்பர் சோங்கோவின் தலைக்கு மேலே மெல்லத் தூக்கிவிட்டார்.

நான் பையன்களுக்குக் காட்டுவது அந்த இரண்டாவது கோலைத்தான். விசில் கேட்டதும் டிஃபெண்டர்கள் எல்லாரும் நடுவரைப் பார்க்கிறார்கள், சாலென்கோ பந்தைப் பார்க்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம். பெனால்டி பாக்ஸுக்குள் பிழைப்பு நடத்துகிற ஃபார்வேர்டுக்கு இந்தப் பழக்கம்தான் சோறு போடும். அதிர்ஷ்டம் ஒரு கோல் தரும், இரண்டும் தரலாம். ஐந்து தடவை சரியான இடத்தில் நிற்பதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எதிரே இருந்தது 1990-ல் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த கேமரூன் இல்லை. அணிக்குள் பணம் சம்பந்தமான தகராறு, முதல் இரண்டு ஆட்டங்களில் ஆடிய கோல்கீப்பர் பெல் இந்த ஆட்டத்தில் இல்லை. நாற்பத்திரண்டு வயது ரோஜர் மில்லா இடைவேளைக்குப் பின் இறங்கி, இறங்கிய வேகத்திலேயே ஒரு கோல் போட்டதுதான் அன்று அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். உலகக் கோப்பையில் கோல் அடித்தவர்களில் மிக வயதானவர் இன்றும் அவர்தான். ஒரே ஆட்டத்தில் இரண்டு சாதனைகள், இரண்டு எதிரெதிர் அணிகளில்.

ரஷ்யாவின் நிலைமையும் அன்று நன்றாக இல்லை. பிரேசிலிடம் 2-0, ஸ்வீடனிடம் 3-1 என்று இரண்டிலும் தோல்வி. ஸ்வீடனுக்கு எதிராக அடித்த அந்த ஒரு கோலும் சாலென்கோவின் பெனால்டிதான். பிரேசில் ஆட்டத்தில் அவர் தொடக்கத்தில் களத்திலேயே இல்லை, இடைவேளைக்குப் பின் மாற்று ஆட்டக்காரராக வந்தார். ஆக இரண்டரை ஆட்டத்துக்கும் குறைவாக ஆடி 6 கோல். ஏழு ஆட்டம் ஆடிய பல்கேரியாவின் ஸ்டொயிச்கோவும் 6 கோல் அடிக்க, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். முதல் சுற்றிலேயே வெளியேறிய அணியிலிருந்து அந்த விருதை வாங்கியவர் இவர் ஒருவர்தான்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 6-1 என்று ஜெயித்ததும் ரஷ்யா வெளியேறிவிடவில்லை. 24 அணிகள் ஆடிய காலம் அது. ஆறு பிரிவுகளில் மூன்றாம் இடம் பிடித்தவற்றில் சிறந்த நான்கு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். ரஷ்யாவுக்கு 3 புள்ளி, கோல் கணக்கில் ஒன்று கூடுதல். எனவே இரண்டு நாள் காத்திருந்தார்கள். ஜூன் 30 அன்று அர்ஜென்டினா பல்கேரியாவைத் தோற்கடித்திருந்தால், அதே நேரம் நைஜீரியா கிரீஸை வென்றதோடு சேர்த்து, பல்கேரியா ரஷ்யாவைவிடக் கீழே போயிருக்கும், ரஷ்யா உள்ளே வந்திருக்கும். ஆனால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி மரடோனா வெளியே போயிருந்த அந்த அர்ஜென்டினா 2-0 என்று தோற்றது. முதல் கோல் அடித்தது யார் தெரியுமா? ஸ்டொயிச்கோவ். காலணியில் பாதியை வாங்கிய அதே ஆள்தான் சாலென்கோவை வீட்டுக்கு அனுப்பியதும். இது யாரோ கட்டிய கதை இல்லை. அந்தப் பிரிவுகளின் புள்ளிப் பட்டியலை எடுத்துவைத்து நீங்களே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இந்த ஆள் எங்கிருந்து வந்தார்? 1969-ல் லெனின்கிராடில் பிறந்தவர், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க். ஊர் அணியான ஜெனித்துக்காகப் பதினாறு வயதில் சோவியத் முதல் பிரிவில் இறங்கி, முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். அவரை இறக்கிவிட்ட பயிற்சியாளர் பாவெல் சாதிரின். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். 1989-ல் டைனமோ கீவுக்குப் போனார். அங்கே 1990-ல் லீகும் கோப்பையும் ஒரே வருஷத்தில் கிடைத்தன. அதற்கிடையில் 1989 தொடக்கத்தில் சவூதி அரேபியாவில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 5 கோல் அடித்து அதிகக் கோல் அடித்தவர் ஆனார். அந்த அணிதான் கால் இறுதியில் நைஜீரியாவுக்கு எதிராக 4-0 என்று முன்னிலை வகித்து, நான்கையும் திருப்பி வாங்கிப் பெனால்டியில் தோற்றது. இளையோர் உலகப் போட்டி, பெரியவர்கள் உலகக் கோப்பை இரண்டிலும் முதல் கோலடிப்பாளர் என்ற பெயர் சாலென்கோவுக்கு இருக்கிறது. மெஸ்ஸிக்கு முதலாவது கிடைத்தது, இரண்டாவது கிடைக்கவில்லை. இதெல்லாம் ஒருநாள் கூத்துக்காரரின் சரித்திரம் இல்லையே.

சோவியத் யூனியன் உடைந்தபோது அவர் கீவில் இருந்தார். அப்பா உக்ரைன்காரர், அம்மா ரஷ்யர். 1992 ஏப்ரலில் உக்ரைன் தன் வரலாற்றின் முதல் சர்வதேச ஆட்டத்தை உஷ்கொரோடில் ஹங்கேரியோடு ஆடி 3-1 என்று தோற்றது. அதில் உக்ரைன் சட்டையில் சாலென்கோ இருந்தார். அது நட்பு ஆட்டம் என்பதால் அணி மாறுவதற்குத் தடை வரவில்லை. சோவியத் இடத்தைத் தகுதிச் சுற்றில் ரஷ்யா எடுத்துக்கொண்டது, உக்ரைன் அந்த உலகக் கோப்பைக்கான போட்டியிலேயே இல்லை. உலகக் கோப்பை ஆட ஆசைப்படுகிற இருபத்து மூன்று வயதுக்காரருக்கு அன்று திறந்திருந்த கதவு ஒன்றுதான். இதைப் பற்றி இன்றைய அரசியலை வைத்துத் தீர்ப்புச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வருஷங்களில் பல நல்ல ஆட்டக்காரர்கள் இதே முடிவை எடுத்தார்கள்.

1993 தொடக்கத்தில் ஸ்பெயினின் லோக்ரோன்யெஸ் அணிக்குப் போனார். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையின் உச்சம் ஸ்டான்ஃபோர்டு இல்லை, இதுதான். திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன ரியோகா பகுதியின் ஒரு சின்ன ஊர் அணி அது. ஒவ்வொரு வருஷமும் முதல் பிரிவில் தொங்கிக்கொண்டிருப்பதே பெரும்பாடு. பந்து அதிகம் வராது, ஆட்டத்துக்கு இரண்டு மூன்று வாய்ப்பு கிடைத்தால் பெரிசு. அப்படிப்பட்ட இடத்தில் ஒன்றரை சீசனில் 23 லீக் கோல். அதில் 1993-94 சீசனில் மட்டும் 16. அணி தப்பித்தது. அந்தக் கோடையில் அவர் வலென்சியாவுக்குப் போய்விட்டார். அவர் இல்லாத அடுத்த சீசனில் 38 ஆட்டங்களில் லோக்ரோன்யெஸ் அடித்தது மொத்தம் 15 கோல். வென்றது இரண்டே ஆட்டம். ஒரு மனிதர் தனியாக அடித்ததை ஒரு முழு அணி அடுத்த வருஷம் எட்டவில்லை. கடைசி இடம், கீழ்ப் பிரிவு. கேமரூன் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த 16-ஐயும் 15-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதமாட்டேன் என்கிறார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்: ரஷ்யா ஏன் மறுபடி கூப்பிடவில்லை? இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகத்தையும் பிரித்துவைக்க வேண்டியிருக்கிறது.

உறுதியானது இவ்வளவு. 1993 நவம்பரில் ஏதென்ஸில் கிரீஸிடம் ரஷ்யா தோற்ற பிறகு பதினான்கு ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பயிற்சியாளர் சாதிரின் வேண்டாம், பிஷோவெத்ஸ் வேண்டும், ஊக்கத்தொகையும் வசதிகளும் சரியாக இல்லை என்பது சாரம். ரஷ்யக் கால்பந்தில் ‘பதினான்கு பேர் கடிதம்’ என்றால் இன்றும் விளக்கம் தேவைப்படாது. சாலென்கோவும் கையெழுத்துப் போட்டவர்தான். கூட்டமைப்பு அசையவில்லை. சிலர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனார்கள். சாலென்கோ, கார்பின், ஓனோப்கோ, மொஸ்தோவோய் எல்லாம் இந்த வகை. கான்செல்ஸ்கிஸ், ஷாலிமோவ், கொலிவானோவ், கிரியாகோவ், டோப்ரோவோல்ஸ்கி போன்றவர்கள் கடைசிவரை மசியவில்லை. தன்னைப் பதினாறு வயதில் ஏற்றிவிட்ட மனிதரைத் தூக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு, பிறகு அவர் அணியிலேயே போய் ஆடிய சாலென்கோவின் மனநிலை அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. ஐந்து கோலும் முன்னணி ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் இல்லாத ஒரு அணியில் வந்தவை என்பதும் இங்கேதான் புரியும். கிரியாகோவும் கொலிவானோவும் வந்திருந்தால் சாலென்கோவுக்கு இடமே கிடைத்திருக்குமா என்பது நியாயமான சந்தேகம்.

போட்டி முடிந்ததும் சாதிரின் போனார், ஸ்பார்டாக் மாஸ்கோவின் ரொமான்த்செவ் வந்தார். புதியவர் சாலென்கோவை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. எட்டு சர்வதேச ஆட்டம், ஆறு கோல், ஆறும் உலகக் கோப்பையில் என்று அவருடைய ரஷ்யக் கணக்கு இருபத்து நான்கு வயதில் முடிந்துபோனது. இதுவரை பதிவில் உள்ளது.

ஏன் என்பதுதான் ஊகம். சாதிரினோடு போனவர்களைப் பழிவாங்கினார்கள் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது எனக்கு ஒத்துவரவில்லை, ஏனென்றால் அமெரிக்கா போன ஓனோப்கோவும் கார்பினும் மொஸ்தோவோயும் ரொமான்த்செவ் அணியில் வருஷக்கணக்காக ஆடினார்கள். பழிவாங்கல் என்றால் அவர்களையும் அல்லவா கழித்துக்கட்டியிருக்க வேண்டும்? எனக்குத் தோன்றுவது வேறு இரண்டு காரணங்கள். கடிதத்தில் உறுதியாக நின்றவர்கள் திரும்ப வந்ததும் முன்வரிசையில் இடம் நெருக்கடியானது, 1996 யூரோ அணியில் கிரியாகோவும் கொலிவானோவும் இருந்தார்கள். அடுத்தது பாணி. ரொமான்த்செவின் ஸ்பார்டாக் ஆட்டம் சின்னச் சின்னப் பாஸ்களால் நெய்கிற ஆட்டம். அதில் ஃபார்வேர்டும் பின்னால் வந்து நாலு பாஸ் கைமாற்ற வேண்டும். சாலென்கோ அந்த ஜாதி இல்லை, பாக்ஸ் ஓரத்தில் காத்திருந்து கடைசித் தொடுதலைத் தொடுகிறவர். பயிற்சியாளனாக எனக்கு ரொமான்த்செவின் முடிவு புரிகிறது. ஆனால் தங்கக் காலணிக்காரரை ஒரு நட்பு ஆட்டத்துக்குக்கூடக் கூப்பிட்டுப் பார்க்காததை அதே பயிற்சியாளனாக என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கிளப் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலென்சியாவில் அந்த வருஷப் பயிற்சியாளர், பிரேசிலுக்கு உலகக் கோப்பை வாங்கிக்கொடுத்த பரெய்ரா. முன்வரிசையில் மியாதோவிச் இருந்தார், நோயிலிருந்து மீண்டு பெனெவும் வந்துகொண்டிருந்தார். சாலென்கோ 25 லீக் ஆட்டத்தில் 7 கோல். மோசம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஐந்து கோல் நாயகனிடம் கூட்டம் எதிர்பார்த்தது வேறு. 1995-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ். அங்கே மெக்காய்ஸ்ட், லவுட்ரப், காஸ்காயின் என்று பெரிய பெயர்கள். 16 லீக் ஆட்டம், அங்கேயும் 7 கோல். 1996 ஜனவரியில் பீட்டர் வான் வொசென் ரேஞ்சர்ஸுக்கு வர, பண்டமாற்று மாதிரி இவர் துருக்கியின் இஸ்தான்புல்ஸ்போருக்குப் போனார். கோல்கள் வந்தன. ஆனால் முழங்காலும் அங்கேதான் போனது.

முழங்கால் காயத்தைப் பற்றி என் அனுபவத்தில் ஒன்று சொல்லலாம். அறுவைக்குப் பின் ஓடுவது திரும்ப வரும், உதைப்பதும் வரும். வராதது அந்த முதல் அடி. பந்து எங்கே விழும் என்று மூளைக்குத் தெரிந்த நொடியில் கால் கிளம்ப வேண்டும். என்னிடம் பயின்ற ஒரு பையன் அறுவை முடிந்து ஒன்பது மாதம் கழித்து வந்தான், எல்லாம் சரியாகச் செய்தான், ஆனால் ஒவ்வொரு கிராஸுக்கும் அரை அடி தாமதம். டிஃபெண்டருக்கு அந்த அரை அடி போதும். நடு மைதானத்தில் ஆடுகிறவர் இதை அனுபவத்தால் மறைத்துவிடலாம். சாலென்கோ மாதிரி ஆளுக்கு மறைக்க இடமில்லை, அவருடைய முழுத் தொழிலும் அந்த அரை அடிதான். பிற்பாடு ஸ்பெயினின் கோர்டோபாவில் மூன்று ஆட்டம், போலந்தின் போகோன் ஷ்செசினில் ஒரே ஒரு ஆட்டம். 2001-ல் விட்டுவிட்டார். பிறகு கீவிலேயே தங்கி, உக்ரைனின் கடற்கரைக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார்.

கடைசியாக, சாதனையை முறியடிப்பார்களா என்று கேட்டீர்கள். அவருக்கு முன் ஒரே ஆட்டத்தில் நான்கு அடித்தவர்கள் உண்டு: 1958-ல் ஃபொந்தேன், 1966-ல் வட கொரியாவுக்கு எதிராக யுசேபியோ, 1986-ல் டென்மார்க்குக்கு எதிராக புத்ரகேனோ என்று ஒரு சின்ன வரிசை. அவருக்குப் பின் 2022 வரை ஆண்கள் உலகக் கோப்பையில் நான்கைக்கூட யாரும் தொடவில்லை. பெண்களில் 1991-ல் மிஷெல் ஏக்கர்ஸும் 2019-ல் அலெக்ஸ் மார்கனும் ஐந்து அடித்தார்கள். ஆண்களில் தடையாக இருப்பது திறமைக் குறைவு இல்லை என்று நினைக்கிறேன். 2018-ல் பனாமாவுக்கு எதிராக ஹாரி கேன் 62-வது நிமிடத்தில் மூன்றாவது கோல் அடித்தார், அடுத்த நிமிடமே அவரை வெளியே எடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். 2022-ல் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ராமோஸ் மூன்று அடித்தார், 74-வது நிமிடத்தில் அவரையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆட்டத்துக்குக் கால் மிச்சப்பட வேண்டுமே. ரஷ்யாவுக்கு அன்று அடுத்த ஆட்டம் உண்டா என்பதே தெரியாது, கோல் வித்தியாசத்துக்காக அடித்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலைமை. 3-1 என்றிருந்தபோதும் சாதிரின் அவரை எடுக்கவில்லை. 72, 75 இரண்டும் அதனால்தான் வந்தன.